அப்பாவை அழைத்து வா

இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது. சாந்தோம் கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து மேஜைமேல் இருந்த பிராக்ரஸ் கார்டுகளைக் கலைக்கப் பார்த்தது. லூயிசா டீச்சர் அவற்றின்மேல் பிரம்பை எடுத்து வைத்தார். அந்தப் பிரம்புக்கு வேறு வேலை கிடையாது. அடித்தால் தமக்குத்தான் கை வலிக்கிறது என்பதை அவர் இருபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து, எழுத வைக்கும் தண்டனைக்கு மாறிவிட்டார். நேரம் தவறி வந்தால் நூறு தடவை எழுத வேண்டும். வகுப்பில் பேசினாலும் நூறு. சிரித்தால் மட்டும் சலுகை விலையில் ஐம்பது. பெண்கள் அவருக்கு ‘நூறு டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தமக்குத் தெரியாததுபோல் அவர் நடந்துகொண்டார். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டாம் பாரம் வகுப்புப் பெண்கள் வரிசையில் வந்து, வீட்டில் கையெழுத்து வாங்கிய ஜூலை மாதக் கார்டுகளைக் கொடுத்தார்கள். ஜெயபாரதியின் கார்டு வந்ததும் டீச்சரின் விரல் நின்றது.

ஜூன் மாதக் கட்டத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. ஜூலை மாதக் கட்டத்தில் ‘கே. அய்யாதுரை’ என்று முத்து முத்தாக ஒரு கையெழுத்து. கைநாட்டு வைத்த வீட்டில் ஒரே மாதத்தில் இவ்வளவு கல்வி வளர்ந்திருந்தால் சந்தோஷந்தான். ஆனால் அந்தத் ‘து’வின் வளைவு, முந்தின நாள் திருத்திய கட்டுரை நோட்டில் அவர் பார்த்த வளைவு.

“இது யார் போட்டது?”

“அப்பா, டீச்சர்.”

“அப்பா ஊர்ல இருக்காரா?”

“வெளியூர்ல இருக்காங்க.”

“அவர் வெளியூர்ல இருக்காரு, கையெழுத்து மட்டும் மயிலாப்பூர் டிராம்ல ஏறி வந்துதாக்கும்.”

வகுப்பு சிரித்தது. ஐம்பது தடவை எழுத வேண்டிய சிரிப்புத்தான், ஆனாலும் டீச்சரின் ஹாஸ்யத்துக்குச் சிரித்தால் தண்டனை இல்லை. பன்னிரண்டு வயது ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கையெழுத்து விஷயம் என்பதால் தலைமையாசிரியை மர்சலின் அம்மாள் வரைக்கும் போயிற்று. கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் லூயிசா டீச்சர்தான். மர்சலின் அம்மாள் கெட்டவர் அல்ல. பள்ளி விதி எழுதப்பட்ட இடத்தில் மனிதர்கள் கண்ணில் படாத சுபாவம், அவ்வளவுதான்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள தகப்பனாரைக் கூட்டிட்டு வரணும். வரலைன்னா பேரை அடிச்சிடுவேன். திருட்டுக் கையெழுத்துக்கு இந்த ஸ்கூல்ல வேற பேச்சு இல்ல” என்றார்.

லூயிசா டீச்சர் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். “நாளை என் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து வருவேன்” என்று நூறு தடவை.

மறுநாள் அப்பா வரவில்லை. நூறு தடவை வந்தது. டீச்சர் அந்தத் தாள்களை, மீன்காரி மீனைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “சரி” என்று கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார். அவர் எப்போதும் படிப்பதில்லை. ஒருத்தி செய்த தப்புக்கு ஒரே வாக்கியத்தை நூறு தடவை படிக்கிற தண்டனை தமக்கு எதற்கு என்பது அவர் கட்சி. முன்பெல்லாம் கிழித்துக் கூடையில் போடுவார். இப்போது நாற்பத்து மூன்றாம் வருஷம், யுத்தத்தினால் காகிதப் பஞ்சம். தண்டனைத் தாள்களை ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும், மறுபக்கம் மாதப் பரீட்சைக்கு என்று மர்சலின் அம்மாள் உத்தரவு போட்டிருந்தார். ஆகவே அந்தப் பள்ளியில் பிள்ளைகள் செய்த குற்றங்களின் முதுகில்தான் பானிப்பட்டு யுத்தங்கள் நடந்துவந்தன.

வியாழக்கிழமை மத்தியானம், சரித்திரப் பரீட்சைக்காக லூயிசா டீச்சர் அந்தத் தாள்களை மடித்து, அடிக்கோலை வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். ஜெயபாரதியின் இரண்டாவது தாளை மடித்தபோது, வரிசையாக இறங்கிய வரிகளில் ஓரிடம் மட்டும் உறுத்தியது. ஒரே நீளமாக வந்துகொண்டிருந்த வரிகளுக்கு நடுவே மூன்று வரிகள் குட்டையாக இருந்தன.

‘நாளை என் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து வருவேன்.

என்னால் அழைத்து வர முடியாது.

அப்பா செத்துப்போய்விட்டார்.

அம்மாவுக்குத் தெரியாது.

நாளை என் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து வருவேன்.’

டீச்சர் அடிக்கோலைக் கீழே வைத்தார். முதல் தாளிலிருந்து எண்ணினார். இருபது வருஷத்தில் அவர் முதல் தடவையாக ஒரு தண்டனையை எண்ணுகிறார். மொத்தம் நூற்று மூன்று இருந்தது. கொடுத்த நூறை அந்தப் பெண் குறைக்கவில்லை. அவள் சொல்ல வேண்டியிருந்ததை, டீச்சர் படிக்கமாட்டார் என்று தெரிந்த இடத்தில், மேற்கொண்டு எழுதியிருந்தாள்.

அவர் ஆபீஸ் அறைக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். ‘தந்தை: கே. அய்யாதுரை. தொழில்: மரக்கடைக் குமாஸ்தா, ரங்கூன்.’ போன வருஷம் முழுக்கப் பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் கதையைப் பத்திரிகையில் படித்து, “ஐயோ பாவம்” என்று காப்பி குடித்தவர்தான் அவரும். அந்த ஐயோ பாவத்தில் ஒன்று தம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. டிராம் ஹாஸ்யம் ஞாபகம் வந்தபோது காதோரம் சுட்டது.

கடைசி மணி அடித்ததும் ஜெயபாரதியைத் தையல் அறைக்கு வரச் சொன்னார். அங்கே இரண்டு தையல் மிஷின்களையும் ஒரு பெஞ்சையும் தவிர யாரும் இல்லை. பெண் உள்ளே வந்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“எத்தனை தடவை, டீச்சர்?”

“ஒண்ணும் எழுத வேண்டாம். உக்காரு.”

அவள் உட்காரவில்லை. டீச்சர் எதிரில் உட்காரும் வழக்கம் இல்லை. டீச்சரே முதலில் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்து பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அவள் மறுகோடியில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

இப்போது டீச்சருக்கு ஒரு சங்கடம். கேள்வி கேட்கத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவர் கேட்ட கேள்விகள் இரண்டே ரகம். பதில் அவருக்கு முன்பே தெரிந்தவை ஒரு ரகம், பதில் வேண்டாதவை மற்றொரு ரகம். பதில் தெரியாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்கிற கேள்வி எப்படி ஆரம்பிக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் மடித்த தாளை அவள் முன்னால் நீட்டினார்.

“படிச்சிட்டேன், ஜெயா. முந்தாநாள் டிராம்னு சொன்னேன் பாரு, அது என் தப்பு. மன்னிச்சிக்கோ.”

டீச்சர் மன்னிப்புக் கேட்டு அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. ஜெயபாரதி பயந்துவிட்டாள். பிறகு வெகுநேரம் மிஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மூன்று தடவை வாயைத் திறந்து மூன்று தடவையும் மூடிக்கொண்டார்.

“சித்திரையில ஒரு கடுதாசி வந்துது, டீச்சர்” என்று அவளாகவே ஆரம்பித்தாள். “அம்மா அப்பளக் கம்பெனிக்குப் போயிருந்தா. நான்தான் வாங்கினேன். அப்பாகூட நடந்து வந்த பவுல்சாமி மாமா போட்டது. படிச்சேன். படிச்சிக்கிட்டு இருக்கும்போதே அம்மா வந்துட்டா. கடுதாசியான்னு கேட்டா. அவ மூஞ்சி அப்படியே சிரிச்சிட்டுது. நான் படிச்சேன்.”

“என்னன்னு படிச்சே?”

“அப்பா சொகமா இருக்காங்க, அஸ்ஸாம்ல ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு படிச்சேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும்னு நெனச்சேன். மறுநா சொல்லிரலாம்னு. மறுநா அவ எல்லார்ட்டயும் சொல்லிட்டா. பக்கத்து வீட்டு அமீனா பீ அத்தை எங்களுக்குச் சர்க்கரை போட்டுப் பாயசம் வச்சுக் குடுத்தாங்க. ரேஷன்ல அளந்து குடுக்கிற கன்ட்ரோல் சர்க்கரை, டீச்சர். அதைத் தின்னப்புறம் எப்படிச் சொல்ல?”

“அப்புறம்?”

“அம்மா அடுத்த கடுதாசி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நானே ரெண்டு எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதுல்லா. ரெண்டாவதுல அடுத்த மாசம் வர்றேன்னு எழுதிட்டேன்.” அவள் நிறுத்தினாள். “இப்ப அடுத்த மாசம் வந்துட்டுது.”

“அப்ப அந்தக் கையெழுத்து?”

“அம்மாகிட்ட கார்டை நீட்டினேன். இனிமே கைநாட்டு எதுக்கு, அப்பாதான் வர்றாகல்ல, அவுகளே போடட்டும், வச்சிருன்னுட்டா. நீங்க செவ்வாக்கிழமை வேணும்னீங்க.”

லூயிசா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைவிட நேர்மையான திருட்டுக் கையெழுத்து உலகத்தில் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

“கடுதாசி எங்க?”

ஜெயபாரதி பையைத் திறந்து, கணக்கு நோட்டின் அட்டைக்குள்ளிருந்து எடுத்தாள். நாலு மாதமாக மடித்து மடித்துத் துணிபோல் ஆகியிருந்தது. “டீச்சர், அவ கேட்டா செத்துருவா. இல்லன்னா என்னக் கொன்னுருவா. நான் வேணா ஸ்கூல விட்டு நின்னுர்றேன். நீங்க மட்டும் சொல்லாதிங்க.”

வெள்ளிக்கிழமை பெயரை அடிப்பதெல்லாம் சின்ன விஷயமாகிப் போயிற்று. ஒரு குழந்தை ஒரு சாவை ஒற்றையாகச் சுமந்துகொண்டு தினமும் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறது. அதை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். லூயிசா டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். தையல் அறையில் வேறு யாரும் இல்லாததால் அந்த ஆள் தாமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

“சொல்லித்தான் ஆகணும், கண்ணு. நாள் ஆக ஆக உனக்குத்தான் பாரம் கூடும். ஆனா நீ சொல்ல வேண்டாம். இந்தக் கடுதாசியை நீ இனிமே படிக்க வேண்டாம். நான் படிக்கிறேன்.”

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் வரிசையாக ஆறு ஒண்டுக் குடித்தனங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் போனபோது, ஜெயபாரதியின் அம்மா இசக்கியம்மாள் அப்பளக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து கையில் ஒட்டிய உளுத்தமாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“வாங்க, வாங்க. ஏட்டி, பாயை விரி. என்ன, பிள்ள ஏதும் சேட்டை பண்ணுச்சா? அவுக அப்பா வர்ற வாரம் வாராக டீச்சர், அவுகட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. எனக்குல்லாம் அடங்கமாட்டா.” பேச்சோடு பேச்சாகக் கொடியிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். “கியூவுல நின்னு வாங்கினேன். காட்டு வழியா நடந்து வந்த மனுசன், என்னத்தைக் கட்டிக்கிட்டு வாராகளோ.”

லூயிசா டீச்சர் வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைச் சேகரித்துக்கொண்டு வந்திருந்தார். மாதா கோவில் பிரசங்கத்தில் கேட்டவை சில, சாவு வீடுகளில் கேட்டவை சில. அந்த வேட்டியைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டன.

“இசக்கியம்மா, உக்காருங்க. சித்திரையில வந்த கடுதாசியை நான் ஒரு தடவை படிக்கிறேன். பிள்ளைக்கு அன்னைக்கு அதைப் படிக்க முடியல.”

படித்தார். அது நீளமான கடிதமல்ல. பதினோரு பேர் சேர்ந்து நடந்ததும், பர்மா எல்லையில் டாமு என்ற ஊரைத் தாண்டியதும் அய்யாதுரை அண்ணனுக்குக் காலரா கண்டதும், இரண்டு நாள் இருந்து இறந்துபோனதும், ஒரு மரத்தடியில் அடக்கம் செய்ததும் எழுதியிருந்தது. ‘நானும் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இத்தனை நாள் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்’ என்று முடித்திருந்தார் பவுல்சாமி.

இசக்கியம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது. அவள் மகளைப் பார்த்தாள்.

“அப்ப அந்த ரெண்டு கடுதாசி?”

“நான் எழுதினது.”

“சளி பிடிச்சிருக்குன்னு எழுதியிருந்துதே. நான் விரதம் இருந்தேனே.”

“நான்தாம்மா எழுதினேன்.”

இசக்கியம்மாளின் கை ஓங்கியது. டீச்சர் நடுவில் வருவதற்காகப் பாதி எழுந்தார். ஓங்கிய கை பெண்ணின் தலைமேல் விழுந்து அப்படியே நின்றது.

“நாலு மாசமா நீ ஒத்தையிலயாட்டி அழுதே?”

“அழலம்மா. அழுதா நீ கண்டுபிடிச்சிருவியே.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்துக் குடித்தனத்து அமீனா பீ ஓடிவந்தாள். “இன்னா ஆச்சு? இன்னாம்மா?” என்று வாசலிலேயே கேட்டவள், பாயில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள், தாயும் மகளும் கட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வந்து இசக்கியம்மாளின் முதுகுப்புறம் உட்கார்ந்துகொண்டாள். “அழு புள்ள, அழு. நா கீறேன்ல” என்றாள்.

லூயிசா டீச்சர் சுவரோடு சாய்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. விழித்திருந்த நேரத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்தது அதுவே முதல் தடவை. புறப்படும்போது இசக்கியம்மாள் அவர் கையைப் பிடித்து, “நல்லவேள வந்திய, டீச்சர்” என்று சொன்னாள். என்ன செய்தோம் என்று டீச்சருக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மர்சலின் அம்மாள் மேஜையில் சேர்க்கைப் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு மைப்புட்டி மூடி திறந்திருந்தது.

“தகப்பனார் வந்தாச்சா?”

“வரமாட்டார், பெரிய டீச்சர். போன வருஷமே தவறிட்டார்.” லூயிசா டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

மர்சலின் அம்மாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சற்று யோசித்து, “ரொம்பக் கஷ்டம். இருந்தாலும் திருட்டுக் கையெழுத்துன்னா திருட்டுக் கையெழுத்துதானே, லூயிசா? இன்னைக்கு ஒருத்தியை விட்டா நாளைக்கு நாற்பது பேர் போடுவாங்க. அதோட வீட்டு விஷயத்தையெல்லாம் விசாரிக்க நாம யாரு? நமக்குப் பாடம் நடத்துறதுதான் வேலை” என்றார்.

“பாடந்தான் நடத்தினேன். அந்தப் பொண்ணு ஜூன்லேர்ந்து கணக்குல தேறல. சோம்பேறின்னு நோட்டுல எழுதினேன். என் கையெழுத்துதான் இருக்கு, பாருங்க. அது திருட்டுக் கையெழுத்து இல்ல, ஆனா எழுதினது பொய். அவ போட்ட கையெழுத்து திருட்டு, ஆனா அவ யாரையும் ஏமாத்தணும்னு போடல. இதுல யார் பேரை அடிக்கிறது?” டீச்சர் பதிவேட்டின்மேல் கையை வைத்தார். “மனசுல இவ்வளவு பாரத்தை வச்சிருக்கிற பிள்ளை காதுல எந்தப் பாடமும் ஏறாது. முதல்ல அவங்க சொல்றதை நாம கேக்கணும். அப்புறந்தான் நாம சொல்றதை அவங்க கேப்பாங்க. தண்டனை கொடுக்கணும்னா எனக்குக் கொடுங்க.”

“உங்களை நூறு தடவை எழுதச் சொன்னா, காகிதம் யார் கொடுக்கிறது?” என்றார் மர்சலின் அம்மாள். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் மைப்புட்டியை மூடிவிட்டார். “பொண்ணு எப்ப வருவா?”

“பதினாறு நாள் காரியம் முடியணும்.”

“வருகைப் பதிவுல லீவுன்னு போடுங்க. ஆப்சென்ட்டுன்னு போடாதீங்க.”

மர்சலின் அம்மாளுக்கு இரக்கத்தைக்கூட விதியாக மாற்றினால்தான் கைவரும். அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எந்தப் பெண்ணையும் தண்டிப்பதற்கு முன்பும், பெற்றோரை அழைத்துவரச் சொல்வதற்கு முன்பும், வகுப்பாசிரியை அவளோடு தனியாக அரைமணி நேரம் பேச வேண்டும். அதற்குத் தையல் அறையை உபயோகித்துக்கொள்ளலாம். எல்லா ஆசிரியைகளும் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

பதினேழாம் நாள் ஜெயபாரதி வந்தாள். மெலிந்திருந்தாள். முதல் மணியிலேயே பெஞ்சில் தலையை வைத்து அழுதாள். இந்தத் தடவை எல்லாருக்கும் தெரியும்படி அழுதாள். பக்கத்திலிருந்த வஜீஹா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, யாருக்கும் தேவைப்படாத ஒரு தேதியை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஐந்தில் மூன்று சரி.

ஆசிரியைகள் அறையில் மட்டும் முணுமுணுப்பு ஓயவில்லை. மூன்றாம் பாரத்துக்கு வந்த புது டீச்சர் ஜலஜா ஒருநாள் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு லூயிசா டீச்சரிடம் வந்தாள். நேரம் தவறி வந்த ஒரு பெண் தையல் அறையில் அவளுக்காகக் காத்திருந்தாள்.

“அரைமணி நேரம் அவகிட்ட என்னத்தைப் பேசறது, அக்கா? நமக்கு இதெல்லாம் டிரெயினிங்ல சொல்லித் தரவே இல்லியே.”

லூயிசா டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

“நீ பேசறதுக்குப் போகல, ஜலஜா. கேக்கறதுக்குப் போறே. என்ன ஆச்சுன்னு ஒரு தடவை கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு பக்கத்துல உக்காரு. தப்புப் பண்ணின பிள்ளைன்னு நாம நினைக்கிறதுல பாதி, தாங்க முடியாத பிள்ளை. அதை நம்மகிட்ட சொல்லலாம்னு அதுக்குத் தெரிஞ்சா போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும். இருபது வருஷம் வாத்தியார் வேலை பாத்து நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். அதையும் ஒரு பொண்ணு சொல்லிக்கொடுத்துதான் கத்துக்கிட்டேன். போ, அவ காத்துக்கிட்டு இருக்கா.”